என் குரலும் அவர் தூக்கமும்

எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. கொஞ்சம் என்பது நானாகச் சொல்லிக்கொள்வது. நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் மைக் வேலை செய்யாத நாட்களில் உறுதிமொழி வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிழைப்பும் அந்தக் குரலை வைத்துத்தான் நடக்கிறது. மருத்துவக் காப்பீடு பார்க்கிற ஒரு கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு, பில்லில் இருக்கும் கோளாறுகளைக் கேட்டு, சண்டை பிடித்து, பிறகு சமாதானமும் பேசி முடிக்க வேண்டும். காலையில் திறந்த வாய் சாயங்காலம்தான் மூடும். ஆபீஸ் சென்னையில்.

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. பெர்மனன்ட். அதனால் குவார்ட்டர்ஸ் இருந்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். நான் மட்டும் அங்கே இல்லை. வாரம் முழுக்கச் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டல். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்தால் சனிக்கிழமை ஒரு நாள் முழுசாகக் குடும்பம், ஞாயிறு மத்தியானத்திலிருந்தே மூட்டை கட்டும் வேலை. மகளுக்குச் சடை பின்னிவிட்டது அவர்தான். அவருக்கு நைட் ஷிப்ட் வந்தால் அக்கா வந்து மகளோடு படுத்துக்கொள்வார். இப்படியே வருஷங்கள் ஓடின. நான் சம்பாதிக்கிறேன் என்ற திமிர் ஒரு பக்கம், மகள் வயதுக்கு வந்ததைக்கூடப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேனே என்ற வெட்கம் ஒரு பக்கம்.

பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கு என்றார்கள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார்கள். வெளியே சொல்லக் கூசுகிற விஷயம் ஒன்று உண்டு. ஊரே பயந்து கிடந்தபோது, பக்கத்துத் தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது, உள்ளுக்குள் நான் சந்தோஷமாக இருந்தேன். தினமும் என் வீட்டில் கண் விழித்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்தச் சனியன் பிடித்த நோய் போக வேண்டும், ஆனால் நான் மட்டும் திரும்பிப் போகக்கூடாது என்று சாமியிடம் கேட்டிருக்கிறேன். சாமிக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

சுரங்கம் மூடவில்லை. கரி எடுத்தால்தானே கரண்ட். அவர் பாஸைக் காட்டிக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போய்வந்தார்.

நான் பிறந்தது பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில், விவசாயக் குடும்பத்தில். பகலில் படுத்திருப்பவர் ஒன்று நோயாளி, இல்லையென்றால் சோம்பேறி என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்படி இல்லை. இங்கே எந்தத் தெருவிலும் எந்தப் பகலிலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். வாசலில் காலை நேரத்தில் சேஃப்டி ஷூ கிடந்தால் அந்த வீட்டு ஆள் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறார் என்று அர்த்தம். கீரைக்காரம்மா அந்த வாசலில் கூவ மாட்டார். குக்கரை விசில் வருவதற்கு முன்பே இறக்குவார்கள். டிவி வாயைத் திறக்காது. மருமகள் மாமியாரோடு சண்டை போடுவதானால்கூடக் கொல்லைப்புறம் போய்த்தான் போடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வாரக் கடைசியில் விருந்தாளி மாதிரி வந்து போனவளுக்கு அது உடம்பில் ஏறவில்லை.

ஹாலில் மேசை போட்டு உட்கார்ந்து காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் நான் ஆஸ்பத்திரிக்காரர்களோடு கத்துவேன். அந்தப் பக்கம் படுக்கையறையில் அவர் தலையணையைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு புரள்வார். அந்த வீட்டுச் சுவரைப் பற்றி என்ன சொல்ல? இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு வயசு என்பார்கள். ஒரே ஒரு தடவை வந்து நின்று, "கொஞ்சம் மெதுவா பேசேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மெதுவா பேசினா பில்லு பாஸாகாது. வேணும்னா வேலையை வுட்டுடட்டுமா?" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். பஸ் ஓடியது. கடைகள் முழு நேரமும் திறந்தன. பள்ளிக்கூடம் திறந்து மகள் சைக்கிளில் போக ஆரம்பித்தாள். எங்கள் தெரு முனையைத் தாண்டியிருக்கும் பார்க்கையும் திறந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்குப் புதிதாக ஒரு சுறுசுறுப்பு வந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்து குளிப்பார், இட்லி சாப்பிடுவார், மறுபடி சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொள்வார். கூட வேலை பார்ப்பவருக்கு முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரிக் கொல்லை இருக்கிறதாம், வேலி போடுகிறார்களாம், ஆள் போதவில்லையாம். மத்தியானம் தாண்டித்தான் திரும்புவார்.

"ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்து வெயில்ல என்னங்க வேலி?" என்று கேட்டேன்.

"மைன்ஸ் ரெஸ்ட் ரூம்லயே ஒரு தூக்கம் போட்டுட்டேன். உடம்பு ஒண்ணும் செய்யல" என்றார்.

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கத்திப் பேசலாம், கதவைத் திறந்து போட்டுக்கொள்ளலாம். "அவ்ளோ தூரம் போறீங்க, ஒரு பிடி முந்திரி கொண்டாரக் கூடாதா?" என்றுகூடக் கேட்டேன். மறுநாளே ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். முழு முழுப் பருப்பு, பளபளவென்று. கொல்லையிலிருந்து வருகிற முந்திரி சுட்டு, உடைத்து, தோல் உரித்து, பிளாஸ்டிக் பையில் வராது என்பது பண்ருட்டிப் பக்கம் பிறந்த எனக்குத் தோன்றவே இல்லை. பாயசத்தில் போட்டேன்.

இதற்கு நடுவில் ஆபீஸில் விவாதம் ஆரம்பித்தது. எல்லோரும் திரும்பி வாருங்கள் என்றது நிர்வாகம். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி. சென்னையில் ஒரே ரூமில் மூன்று பேராகத் தங்கியிருந்த பையன்கள் ஆபீஸ் வேண்டும் என்றார்கள். ஏசியும் டீயும் கிடைக்கும், மனிதர் முகம் பார்க்கலாம். பிள்ளைகள் இருந்த பெண்கள் வீடே போதும் என்றார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் குக்கருக்கும் வேலைக்கும் நடுவில் ஓடுகிறார்கள், அதனால்தான் வேலை சுணங்குகிறது என்று ஒருத்தன் எழுதினான். அவனை நான் விட்டேனா? பெண்கள் கட்சிக்குத் தலைவி நானே. எனக்கு இது வாதத்துக்காக வாதம் இல்லை. தோற்றால் ஹாஸ்டல் கட்டில், வெள்ளிக்கிழமை பஸ், போனில் மகள்.

முடிவெடுக்கிற மீட்டிங் ஒரு காலை நேரத்தில் வைத்தார்கள். வீடியோவில் மொத்த டீமும், மேலே மேனேஜரும். என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டு, வழக்கம்போலக் கிளம்பிப் போயிருந்தார். நான் மேலே நல்ல சுடிதார் டாப்ஸ், கீழே சாயம் போன பாவாடை. லேப்டாப்புக்குத் தெரிகிற அளவுக்குத்தான் மரியாதை.

என் முறை வந்ததும் பிடித்துக்கொண்டேன். "சார், எங்க வீட்டையே எடுத்துக்கங்க. நைட் ஷிப்ட் பாக்கறவர் இருக்கிற வீடு இது. இத்தனை நாள்ல என்னால அவருக்கோ அவரால எனக்கோ ஒரு தொந்தரவு வந்திருக்குமா? அவர் பாட்டுக்கு அவர் வேலை, நான் பாட்டுக்கு என் வேலை. குடும்பம் ஒத்துழைச்சா வீட்லேர்ந்து பாக்கறதுல எந்தக் குறையும் இல்ல சார்."

பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. திறந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை. பின்னால் என் வீட்டுக்காரரோடு அதே ஷிப்ட்டில் வேலை பார்க்கிற அண்ணன், கம்மாபுரத்துக்காரர். நைட் ஷிப்ட் முடித்த கண், சிவந்திருந்தது. ஒரு நிமிஷம் என்று கை காட்டினேன். அக்கா கவனிக்கவில்லை. அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வசனம் போல, நிறுத்த முடியவில்லை.

"ஏம்மா, புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். நாங்க போடாத சண்டையா? அதுக்காக ராத்திரி பூரா உழைச்சிட்டு வர்ற மனுஷனைப் பார்க்குல போய் படுக்க விடலாமா? பிளாக்கே பேசுது. காலையில உங்க வாசல்ல அவர் ஷூவைப் பாத்து எத்தனை நாளாச்சு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா உளர்றீங்க? அவரு முத்தாண்டிக்குப்பம் போயிருக்காரு. முந்திரிக் கொல்லைக்கு."

அந்த அண்ணன் தரையைப் பார்த்தபடி பேசினார். "அங்க ஏது தங்கச்சி கொல்லை? அது என் மச்சானுது. வித்து எவ்ளோ நாளாவுது. இவரு தினம் பார்க்குலதான் படுத்துகினு கீறாரு. உங்களுக்குள்ள என்ன சண்டைன்னு நான் கேக்க வரல. நேத்து ஷிப்ட்டுல பெல்ட் பக்கத்துல நின்னுகினே தூங்கிட்டாரு. முன்னாடி சாஞ்சாரு. நான் சட்டையைப் புடிச்சு இழுத்தேன். நான் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போயிருந்தா என்னாயிருக்கும் சொல்லு. சண்டையை வுட்டுட்டு மனுஷனை வூட்ல தூங்க வையி."

சண்டை என்று ஒன்று நடந்திருந்தால்கூட அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. தலையணை விளங்கியது, பளபளத்த முந்திரி விளங்கியது.

லேப்டாப்பிலிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "மேடம், உங்க மைக் ஆன்ல இருக்கு."

யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக்கியது என்று நன்றாகத் தெரிந்தது. லேப்டாப்பை மூடினேன். என் கட்சியை நம்பி எத்தனை பெண்கள் அந்தத் திரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நினைத்தேன். அதைத்தான் முதலில் நினைத்தேன் என்பதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது. பெல்ட் அதற்குப் பிறகுதான் மனசில் வந்தது. அந்த டாப்ஸும் பாவாடையுமாகவே தெருவில் இறங்கினேன்.

பார்க்கில் புங்க மரத்தடி சிமென்ட் பெஞ்சில் படுத்திருந்தார். சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்து, முழங்காலை மடக்கி, மாஸ்க்கை மேலே இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு. ஊரெல்லாம் மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கில் அவர் வெளிச்சத்தை மூடியிருந்தார். பெர்மனன்ட் எம்ப்ளாயி, குவார்ட்டர்ஸ் இருக்கிற ஆள். நான் கிட்டே போவதைப் பார்த்து, நடக்க வந்த ஒரு பெரியவர் விரலை உதட்டில் வைத்தார். "நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து தூங்கறாரும்மா" என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அதுவரைக்கும் நடந்ததில்லை. மரத்து நிழல் நகர்ந்து வெயில் அவர் வயிற்றில் விழுந்தது. தூக்கத்திலேயே நிழல் பக்கமாக நகர்ந்து படுத்தார். அது பழகின நகர்வு.

கண் விழித்து மாஸ்க்கை இறக்கினார். என்னைப் பார்த்தார். திடுக்கிடுவார் என்று நினைத்தேன். "மீட்டிங் முடிஞ்சிடுச்சா? என்ன சொன்னாங்க?" என்றார்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே ஒருக்கா."

"இன்னொருக்கா சொல்றது. கத்தாதடின்னு ஒரு அறை வுடறது."

"சொன்னா உனக்கு ரோஷம் வந்துடும். மூட்டை கட்டிகினு ஹாஸ்டலுக்குப் போயிடுவ. இவ்ளோ வருஷம் கழிச்சு இப்பதான் நீ வூட்ல கீற. நடுவுல நான் வேற தூக்கம் தூக்கம்னுகினு. பாப்பாவும் இப்பதான் சிரிச்சுகினு இருக்கா."

"அவளுக்குத் தெரியுமா?"

"சைக்கிள்ல போவும்போது பாத்துட்டா. அம்மாகிட்ட சொல்லாதன்னேன்."

ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மகளுக்கு, அக்காவுக்கு, பிளாக்குக்கு, வாக்கிங் போகிறவருக்கு. வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று ஊர் கூட்டிப் பேசிக்கொண்டிருந்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. "பெல்ட்டுல வுழுந்திருந்தா?" என்று கேட்டேன். "வுழலியே" என்றார், என்னவோ நான் அபசகுனமாகப் பேசிவிட்டதுபோல. அப்போது அழுதேன். அழுகைக்கும் எனக்குப் பெரிய குரல்தான். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவர் எழுந்து, "வா, வூட்டுக்குப் போலாம்" என்று என் கையைப் பிடித்தார். பிளாக் முழுக்கப் பார்க்க இருவரும் கை பிடித்து நடந்தோம். சமாதானமாகிவிட்டது என்று அக்கா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க வழி தேடினோம். சமையலறையில் உட்கார்ந்து பார்த்தேன், அங்கே நெட் கிடைக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பார்த்தேன், எதிர்முனையில் "கேக்கல, கேக்கல" என்று அவர்கள் கத்தினார்கள். பத்து நிமிஷத்தில் நான் பழைய குரலுக்கே வந்திருப்பேன், எனக்கே தெரியாமல். அக்கா தன் வீட்டு ஹாலைத் தருகிறேன் என்றார். அவர் வீட்டுக்காரருக்கும் ஷிப்ட். அந்த வரிசையில் எந்த வீட்டில் போய்க் கத்தினாலும் யாரோ ஒருவர் தூக்கத்தைத்தான் கெடுக்க வேண்டும். கடைசியில் நானே மேனேஜருக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரம் மட்டும் ஆபீஸுக்கு வந்துவிடுகிறேன், மற்ற வாரங்களில் வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மேடம், அன்னிக்கு எல்லாம் கேட்டுச்சு. நீங்க சொல்ற மாதிரியே செய்யுங்க" என்றார். அந்த மரியாதை, சிரித்திருந்தால் தேவலை என்று ஆக்கிவிட்டது.

கிளம்புகிற அன்று பையோடு நான் தெருவில் போனதை எல்லா ஜன்னல்களும் பார்த்தன. சண்டை முற்றிவிட்டது, பொண்டாட்டி போய்விட்டாள் என்று பேச்சு. அக்கா பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, "மனசுல வெச்சுக்காம சீக்கிரம் வந்துடும்மா" என்று என் கையை அமுக்கினார். சண்டையில்லை அக்கா, அவர் தூங்கட்டும் என்றுதான் போகிறேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை.

ஆபீஸில் முதல் நாள். பையன்கள் ரொம்ப மரியாதையாக வணக்கம் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் பார்க் என்ற வார்த்தை காதில் விழுந்தது. எல்லோரும் ஆபீஸுக்கு வரத்தான் வேண்டும் என்று முடிவானதில், நான் தலைமை தாங்கிய கட்சிப் பெண்களில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. ஒருத்தியின் நாற்காலியில்தான் என்னை உட்கார வைத்தார்கள். மத்தியானம்வரை கத்தித் தீர்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து தனியாக உட்கார்ந்தபோது கை தானாகப் போனை எடுத்தது. மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் அது அவர் தூங்குகிற நேரம் என்று உறைத்தது. அதற்குள் எடுத்துவிட்டார்.

"சொல்லு."

குரல் கனத்துக் கிடந்தது. நாக்கு இன்னும் விழிக்கவில்லை.

"தூங்கிகினு இருந்தீங்களா? எழுப்பிட்டேனா?"

"சேச்சே. முழிச்சுகினுதான் இருக்கேன். நீ பேசு."

பொய். வைத்துவிட வேண்டும் என்று தெரியும். வைத்துவிடு, வைத்துவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் அவர் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது. ஆபீஸில் ஏசி அதிகம் என்றேன். ஹாஸ்டலில் கட்டில் மாறிவிட்டது என்றேன். யார் யார் இளைத்துப்போனார்கள், யாருக்கு முடி கொட்டியிருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரியும் அவருக்குப் பெல்ட்டில்தான் ட்யூட்டி. அது தெரிந்தும் சாப்பாட்டு நேரம் முடிகிறவரை பேசினேன்.